வேலோடு வந்தால் சிறப்பு முகாம்

கந்த சஷ்டிக்கு ஊரெல்லாம் சூரனை வதைப்பார்கள். எங்கள் திருத்தணியில் மட்டும் அது கிடையாது. போரை முடித்துவிட்டுச் சினம் தணிய வந்தவன் இந்த முருகன், இவன் கண்ணெதிரே மறுபடியும் போரை நடத்திக் காட்டுவது முறையல்ல என்று கூடை கூடையாகப் பூவைக் கொட்டுகிறார்கள். போர் பார்த்து வந்தவனை எப்படி வைத்துக்கொள்வது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு நிபுணர் குழுவும் போடவில்லை, பயிலரங்கும் நடத்தவில்லை.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி முகாமில் வேறொரு போரைப் பார்த்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து அலையலையாகப் படகேறி வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பூவெல்லாம் சாமிக்குத்தான், இவர்களுக்குச் செக்கிங். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டைப் பிரிப்பார், கியூ பிராஞ்சு போலீஸ்காரர் பக்கத்தில் நிற்பார், குடும்ப அட்டையில் உள்ள தலையெல்லாம் எதிரே இருக்க வேண்டும். தலை குறைந்தால் உதவித்தொகையும் குறையும். 2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில் ஒருவர், ஆஸ்பத்திரியில் கிடந்த மகனுக்கு வருகை போடச் சொல்லி மன்றாடினார். அதிகாரி மறுத்தார். பேச்சு முற்றியது. அந்த மனிதர் பக்கத்திலிருந்த மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். குண்டுக்கும் கடலுக்கும் தப்பி வந்தவரால் ஒரு பதிவேட்டுக்குத் தப்ப முடியவில்லை.

முருகன் தப்பித்தான். இந்தக் காலத்தில் அவன் வந்து இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதிர்காமத்திலும் வீடு, தணிகையிலும் வீடு. எந்த ஊருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. கையில் ஆயுதம் வேறு. நேரே திருச்சி சிறப்பு முகாம்தான். அது மத்திய சிறை வளாகத்துக்குள் இருப்பதால் சிறை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. முகாம்தான், கொஞ்சம் சிறப்பான முகாம்.

2021இல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. 7,469 புது வீடுகளும் அறிவித்தது. பத்துக்குப் பத்தடிக் குடிசையில் மூன்று தலைமுறை படுத்த இடத்தில் வீடு வருவது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பலகை மாறியது, பதிவேடு அதே பதிவேடு. டெல்லியின் கணக்கோ தனி. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளை எண்ணியது; பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு நாடு இருப்பது அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை போலும். இந்த மண்ணிலேயே பிறந்து, இலங்கையைப் பாடப் புத்தகத்து வரைபடத்தில் மட்டும் பார்த்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணுக்கு அந்நியர். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஓர் ஈழத்தமிழரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் ஏற்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றது. சத்திரங்களுக்குப் பேர்போன ஊர்க்காரன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ரோஷம். எங்கள் சத்திரத்தில் யாரையும் நாற்பது வருஷம் திண்ணையில் நிறுத்தித் தலை எண்ணியதில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தின் பயனாக, திருத்தணியே ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. முந்தின ராத்திரி அங்கே படுத்த ஜனம் காலையில் இங்கே எழுந்தது. ஒருவரையும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. அது மாநில எல்லை, இது நாட்டு எல்லை என்று வக்கீல் சொல்வார், தெரியும். கோடு போட்டதும் மனிதர், அழித்துப் போட்டதும் மனிதர் என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார்.

சரி, முகாமில் இருப்பவர்களின் மனசுக்கு என்ன வைத்தியம்? யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவிலே நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் 'மனவடு' ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பதல்ல, குடும்பத்திலும் ஊரிலும் விழுந்த வடு என்று பல வருஷமாக எழுதிவருகிறார். நாமோ ஊரையே பிய்த்து நூற்றுச் சொச்சம் முகாம்களில் விசிறிவிட்டு, ஆளுக்கொரு மாத்திரை கொடுக்கிறோம். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை உரிமையை எல்லோருக்கும் தருகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று எழுத யாரோ மறந்துவிட்டார்கள். அந்த மறதியின் தயவில் முகாம் பெண் ஒருத்தி, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பேர் வந்துவிடும் என்ற பயத்தையும் விழுங்கிக்கொண்டு, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும்?

"பழசையே நினைக்காதீங்கம்மா. நிகழ்காலத்துல இருங்க."

"எந்த நிகழ்காலம் டொக்டர்? ஒரு இரவு வெளியில தங்கிறதெண்டாலும் எழுதிக் குடுத்துக் கேக்கிற நிகழ்காலமோ?"

"அப்ப எதிர்காலத்தை நினைங்க. நல்லதா நினைங்க."

"அது டெல்லியில ஃபைலுக்குள்ள கிடக்கு."

டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். "ஒரு வாரம் போடுங்க. அடுத்த புதன்கிழமை வாங்க, கவுன்சலிங் ஆரம்பிச்சிடலாம்."

"புதன் ஏலாது டொக்டர். அண்டைக்குச் செக்கிங்."