வயிறு உப்பிய லேப்டாப்புக்கு வைத்தியம்

வா பேராண்டி, உக்காரு. அதை மடியில வைக்காதல, கீழ வை. இன்னும் தள்ளி வை. தாத்தா இன்னும் ரெண்டு ஐப்பசி மழை பாக்கணும்னு இருக்கேன்.

டச்பேடு எந்திரிச்சு நிக்குன்னு மேல அம்மிக்குழவியத் தூக்கி வச்சியாமே? உங்க அம்மா சொன்னா. அமுக்குனா அடங்கிரும்னு எந்த இஞ்சினியரிங் காலேஜ்ல சொல்லிக் குடுத்தான்? அதுக்கா அம்புட்டு பீசு கட்டுனோம்?

மழை பேஞ்ச மறுவாரம் எளம்பச்சையக் கண்டபடி மேஞ்சுட்டு வெள்ளாட்டுக்கு வயிறு உப்புமே, அதே கதைதான். உள்ள இருக்கது காத்து. லித்தியம் பாட்ரி நம்மூர் வெக்கையில வெந்தும், ராப்பகலாச் சார்ஜர்லயே கெடந்தும் கெட்டுப்போனா, உள்ள இருக்க திரவம் செதைஞ்சு வாயுவா மாறுது. சுத்தி இருக்கது மெல்லிசு அலுமினியப் பை, அது ஊதுது. பாட்ரி டச்பேடுக்கு அடியில இருக்கதால மொதல்ல அதுதான் தூக்கும். ஆட்டுக்குன்னா டாக்டர் வந்து எடது விலாவுல குத்திக் காத்த எறக்குவாரு. அதப் பாத்த தைரியத்துல நீ கோணூசிய எடுத்துராத. குத்துனா உள்ள ரெண்டு தகடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, குப்புனு பத்திக்கிடும். ஆடு பொழைச்சுக்கிடும். உனக்கு யாரு பொறுப்பு?

சார்ஜ் போடாத. "உள்ள கல்யாண வீடியோ இருக்கு, ஒரே ஒரு தடவ ஆன் பண்ணுதேன்"னு கெஞ்சாத. வெயில் படாத சிமிண்டுத் தரையில வை. படப்புப் பக்கம் ஆகாது, பருத்தி மூடைப் பக்கமும் ஆகாது. தீப்பெட்டி ஆபீசுல மருந்து கலக்குத எடத்துல மண்வாளி தொங்கும்லா, அப்பிடி ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். கோவில்பட்டிச் சீமையில பொறந்தவனுக்குத் தீயப் பத்தி இதுக்கு மேலயா சொல்லணும்? புகை வந்தா மட்டும் வீரங்காட்டாம எல்லாரையும் கூட்டிட்டு வெளிய ஓடு. அது நெஞ்சப் பிடிக்கிற புகை.

இந்தப் பாட்ரிக்கு வழி கண்ட மூணு பேருக்கு 2019-ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதுல குட்இனஃப்னு ஒருத்தருக்கு அப்ப 97 வயசு. கெழவன் பேச்சக் கேட்டா என்ன கெட்டுப்போகும்னு இனிமே கேக்க மாட்டேல்ல?

சரி, சர்வீஸ் சென்டர்காரன் என்ன சொன்னான்? அடிமூடி வளைஞ்சிருக்கு, அது பிசிகல் டேமேஜ், வாரண்டி கெடையாதுன்னானா? பலே! வீங்குனது அவன் பாட்ரி, வளைச்சதும் அவன் பாட்ரி, வளைஞ்ச குத்தம் மட்டும் உன்னோடது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சாத்தான் பொன்குடம்.

2006 ஆகஸ்டுல டெல் கம்பெனி 41 லட்சம் பாட்ரியத் திரும்ப வாங்கிக்கிடுதேன்னு அறிவிச்சான். சூடாகித் தீப்பிடிக்கலாம்னு அவனே ஒத்துக்கிட்டான். உள்ள இருந்த செல்லு சோனி செஞ்சது. அந்த 41 லட்சத்தையும் கஸ்டமரா போயி வளைச்சான்? "பாட்ரி தேய்மானச் சாமான்"னு சர்வீஸ் சென்டர்காரன் அடுத்து ஒரு சாக்குச் சொல்லுவான். சார்ஜ் நிக்கிற நேரம் கொறைஞ்சா தேய்மானம், சரி. வாரண்டிக்குள்ளயே வயிறு ஊதுனா அது கோளாறு. இத அவன்கிட்டச் சத்தம்போட்டுச் சொல்லாத. சத்தம் போட்டா செக்யூரிட்டியத்தான் கூப்பிடுவான். சிரிச்ச மொகமா, "சார், முடியாதுன்னு சொன்னீங்கள்லா, அத மட்டும் மெயில்ல ஒரு வரி எழுதிக் குடுங்க, வீட்டுல தாத்தா நம்ப மாட்டேங்காரு"ன்னு கேளு. என்னையக் கெட்டவனாக்கு, பரவால்ல. ஜாப் ஷீட்டுல பிசிகல் டேமேஜ்னு எழுதியிருந்தா, அதுக்குக் கீழயே "பாட்ரி வீங்கியதால் மூடி வளைந்தது"ன்னு நீயும் எழுதிட்டுக் கையெழுத்துப் போடு. சமதளத்துல வச்சு, ஒரு தீப்பெட்டியப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ எடு. எம்புட்டுத் தூக்கியிருக்குன்னு தெரியணும். தெருமுனை மெக்கானிக்கிட்டத் திறக்கக் குடுத்தேன்னா அதோட கேசு முடிஞ்சது.

அறுத்துப் போட்ட வெள்ளாமை மழையில நனைஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், இல்லேன்னா இன்சூரன்சு கெடையாதுன்னு எங்களுக்குச் சட்டம். உனக்குக் கேசு போட ரெண்டு வருசம் இருக்குடா, மகராசா. மொதல்ல நுகர்வோர் உதவி நம்பர் 1915-க்குப் போன் போட்டுப் புகார் நம்பர் வாங்கு. கம்பெனிக்கும் கடைக்காரனுக்கும் ஸ்பீடு போஸ்ட்டுல நோட்டீசு அனுப்பு. நோட்டீச அனுப்பச் சொன்னேன், பாட்ரிய இல்ல. அதத் தபால்ல எடுக்க மாட்டான்.

அதுக்கும் மசியலைன்னா தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்னல்லாம் எதிராளி ஆபீசு இருக்க ஊரு, சங்கதி நடந்த ஊருன்னு தேடித்தான் அலையணும். 2019 சட்டம் வந்தப்பறம் நீ குடியிருக்க ஊருக்கு உள்ள ஆணையத்துலயே போடலாம். பொருளு 5 லட்சத்துக்குள்ளன்னா பீசு கெடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. ஆளு வளைச்சதா, பாட்ரி வளைச்சதான்னு சந்தேகம்னா ஆணையமே லேபுக்கு அனுப்பிப் பாக்கும். மூணு மாசத்துல தீர்ப்பு, லேபுக்குப் போனா அஞ்சு மாசம்னு சட்டத்துல எழுதியிருக்கு. அத நம்பி நாள் குறிச்சுராத.

எல்லாம் முடிஞ்சப்பறமும் பழைய பாட்ரியப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுராத. செஞ்சவனே திரும்ப எடுக்கணும்னு 2022-ல விதி வந்திருக்கு.

இப்ப பில்லு செராக்ஸ் எடுக்க விளாத்திகுளம் போறேல்ல? அப்பிடியே என் பயிர் காப்பீட்டுப் பாரம், அடங்கல், பேங்கு பாஸ்புக்கு எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எடுத்துட்டு வா. காசா? வக்கீல்கிட்ட இம்புட்டு யோசனை கேட்டிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்னு கணக்குப் போட்டு, அதுல கழிச்சுக்கோ. மிச்சத்துக்குக் கடலைமிட்டாய் வாங்கு. தாத்தாவுக்குப் பல்லு இல்லையேன்னு யோசிக்காத, உங்க பாட்டிக்கு இருக்கு.