சக்ரவர்த்திக்கு ஒரு தெரிந்தவர்

நேற்று முன்தினம் விடியற்காலை நான்கு மணிக்கு ஆரம்பித்த மழை, திருவொற்றியூரிலிருந்து கோவளம் வரையில் ஓரிடம் பாக்கியில்லாமல் கொட்டிக்கொண்டிருந்த அதே வேளையில், வழக்கம்போல் எங்கள் வீட்டுக் கைபேசிக்கு வந்து சேர்ந்த வீடியோவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு லாயத்து மணல் திடலிலே, பளிச்சென்ற வெயிலில், என் பெண்ணின் குதிரை சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே, "இன்னிக்கு சூப்பரா ஓடினான் மாமா" என்று ஒரு வாசகம். கொட்டுகிற மழையில் ஒரு சொட்டு நனையாமல் ஓடுகிற அசுவம் இந்திரனுடைய உச்சைசிரவஸாக இருக்க வேண்டும். இல்லாவிடில் அந்த வீடியோ வேறெந்த மாதத்திலோ எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் குதிரை பாற்கடலிலிருந்து வந்ததன்று, கிண்டியிலிருந்து வந்தது என்கிற காரணத்தால் இரண்டாவது அனுமானத்தையே நான் ஏற்கும்படியாயிற்று. குதிரையை நடத்த நாங்கள் அமர்த்திய, இந்த வீடியோவை அனுப்பிய இளைஞன் எத்தனை நாட்களாக லாயத்துப் பக்கம் தலைகாட்டவில்லை என்பது ஈசுவரனுக்கும், கட்டுத்தறியில் நின்றபடியே கொள்ளுத் தின்று கொழுத்துப்போன சக்ரவர்த்திக்குமே வெளிச்சம்.

சக்ரவர்த்தி என்பது குதிரையின் பெயர். வீட்டில் சக்கு என்போம். உத்தியோகத்தில் வந்த போனஸைக் கொண்டு வளையல் பண்ணிக்கொள்ளாமல், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குதிரையை வாங்கி வந்து நின்ற பெண்ணை நான் என்ன சொல்ல முடியும்? அவள் மாமனாரே ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். சவாரி கூடவே கூடாது, ஆனால் தினந்தோறும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினந்தோறும் நடத்தாவிட்டால் ஆபத்து என்று குதிரை வைத்தியரும் அதே வாரத்தில் சொன்னார். ஆக, இரண்டு ஜீவன்களுக்கும் ஒரே மருந்துச் சீட்டு. பெண்ணை நடத்துவதற்கு அவள் தாயார் இருக்கிறாள், மொட்டை மாடி இருக்கிறது. சக்குவை நடத்துவதற்கு மேற்கு மாம்பலத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளைத் தேடிக் கொடுக்கும் கைங்கரியம் பாட்டனாராகப் போகிறவன் தலையில் விழுந்தது.

லாயத்திலேயே ஆட்கள் இல்லையா என்று என் சம்சாரம் கேட்டாள். சைஸ்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவர் பொறுப்பிலும் நாலைந்து குதிரைகள். தீனி, தண்ணீர், லத்தி வாருதல், உடம்பு தேய்த்தல் என்று அவர்கள் பொழுது போய்விடுகிறது. சும்மா நின்றால் என்ன, சாப்பிட்டுவிட்டுத்தானே நிற்கிறது என்று கேட்பவர்களுக்குக் குதிரையின் தேக அமைப்பு தெரியாது. முழங்காலுக்குக் கீழே அதற்குத் தசை இல்லை. குளம்பு தரையில் அழுந்தி எழும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படுவதால், நடை நின்றால் கால் வீங்குகிறது. ஐந்நூறு கிலோ சரீரத்தில், பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளாத இரைப்பை. கொண்டதை வாந்தியெடுக்கவும் அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆகவே குடல் ஓட்டம் மந்தப்பட்டால், லாயத்தார் 'காலிக்' என்று சொல்லி நடுங்குகிற வயிற்றுவலி வந்து உயிரையே கொண்டுபோய்விடும். ஞாயிற்றுக்கிழமை தீனியைக் குறைக்காமல் ஓய்வு மட்டும் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு இழுத்தால், தொடை விறைத்து, வியர்த்து, ஓரடி எடுத்து வைக்க மாட்டேனென்று நின்றுவிடும். இதற்குத் திங்கட்கிழமைக் காலை நோய் என்றே வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ராஜாங்க உத்தியோகத்திலேயே தலை நரைத்த எனக்கு இந்த வியாதியின் லட்சணங்களை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம்பகமான ஆளை இனங்கண்டுகொள்ள ஓர் உபாயம் இருக்கிறது. அதைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பேட்டையில் கிடைக்காத மனிதர் கிடையாது. சீமந்தத்துக்கு நாள் குறித்த அரை மணி நேரத்துக்குள் வாத்தியார், சமையல்காரர், நாதஸ்வரம், பிரசவ லேகியம் கிளறுகிற பாட்டி ஆகிய சகலரையும் ஆரிய கவுடா சாலையைத் தாண்டாமலேயே ஏற்பாடு செய்துவிட்டேன். இந்தத் தைரியத்தில்தான் அயோத்தியா மண்டபத்து வாசலில் நாலு பேர் காதில் குதிரை விஷயத்தையும் போட்டு வைத்தேன். "கவலையே படாதேயும், நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்" என்றார் முதலாமவர்.

தெரிந்தவர்! இந்த ஆசாமியின் மேல் நமக்குள்ள பக்தியை என்னென்பது? பல் பிடுங்குவதற்கும், பத்திரம் பதிவதற்கும், குழாய் ஒழுகினாலும், கும்பாபிஷேகம் நடந்தாலும் நமக்கு வேண்டியவர் அந்த வேலையிலே கைதேர்ந்தவரல்லர். மைத்துனருடைய சம்பந்தியின் மாடிக் குடித்தனக்காரரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் தம்பி பிள்ளை. அவர் வந்த பிற்பாடு சம்பளம் பேசக் கூடாது, தெரிந்தவராயிற்றே! வேலை எப்படி என்று கேட்கக் கூடாது, மனம் நோகும். அவருடைய தாயாரின் முழங்கால் வலியை மட்டும் தவறாமல் விசாரிக்க வேண்டும். அவர் வராத தினத்தில் நேரே அவரைக் கூப்பிடுவது மரியாதையன்று. நாம் மைத்துனரைக் கூப்பிட, மைத்துனர் சம்பந்தியைக் கூப்பிட, சம்பந்தி மாடிக்குக் குரல் கொடுக்க, மாடியிலிருந்து செய்தி படிப்படியாக மேலேறிப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பதில் அதே படிகளில் இறங்கி வரும்: அவருக்குக் காலையிலிருந்து ஜுரம். குதிரைக்குக் காலையிலிருந்து நடை இல்லை என்பதை எதிர்ப்படியில் ஏற்றி அனுப்ப எவரும் சம்மதிப்பதில்லை. சிபாரிசு செய்தவரோ கல்யாணத்தில், காரியத்தில், காய்கறிக் கடையில், எங்கே கண்டாலும் "நான் வெச்ச ஆள் எப்படி?" என்று மார்தட்டுவார், ஆள் கம்பி நீட்டிய மறுநாள் அதே மனிதர், "எனக்கு அவனை அவ்வளவாத் தெரியாது, ஓய்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். தெரிந்தவரை வேலையைவிட்டு நீக்குவதென்பது தத்துப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவதைக் காட்டிலும் கடினம். அதற்கு நாலு குடும்பங்களின் சம்மதம் வேண்டும். ஐந்தாவது குடும்பம் நம் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு வராது.

உபாயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால், தெரிந்தவரைத் தேடுகிற இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்குவதற்குக் கைகண்ட அசுவ சாஸ்திரியையா அனுப்பினான்? தனக்கு நன்றாகத் தெரிந்தவரான மந்திரி வாதவூரரையல்லவா கருவூலப் பொன்னோடு அனுப்பினான்! பொன் திருப்பெருந்துறையில் ஆலயத் திருப்பணியாயிற்று. பரமசிவனே குதிரை வியாபாரியாக வந்து ஒப்படைத்த பரிகள் இரவில் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. நமக்கோ அதனால் மாணிக்கவாசகரும் திருவாசகமும் கிடைத்தபடியால் புகார் சொல்ல வாயில்லை. பாண்டியனின் கணக்குப்பிள்ளை என்ன எழுதி வைத்தான் என்பதுதான் தெரியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவோ பட்டவர்த்தனமாகவே எழுதிவிட்டார். சகோதர அரசர்கள் ஐவரும் தலைக்கு ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் குதிரைகள் வாங்குகிறார்களாம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை, மருத்துவர்களைப் போகவிடாமல் வியாபாரிகளே தடுக்கிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். அவர் ஒரு நடை மேற்கு மாம்பலம் வந்திருந்தால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

என் பால்யத்தில் மாம்பலம் ரயிலடியில் வரிசையாக ஜட்கா நின்றது. அந்த வண்டிக்காரர்களில் எவரைக் கூப்பிட்டாலும் போதும், குதிரையின் காதைப் பார்த்தே அதன் வயிற்றைச் சொல்வார். ஜட்கா போயிற்று, ஆட்டோ வந்தது. குதிரை சாஸ்திரமும் போயிற்று.

வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயோத்தியா மண்டபத்தார் அனுப்பிய மனிதருடைய அனுபவமெல்லாம் கல்யாண ஊர்வலக் குதிரையில். எட்டடி நடத்திவிட்டு, வாணவேடிக்கைக்கு இடம்விட்டு நிறுத்திவிடுவார். அவர் போன பின்னும் சக்கு சில வாரங்கள் எட்டடிக்கொரு தரம் நின்று, மாப்பிள்ளையைத் தேடித் திரும்பிப் பார்த்தது. மெரினாவில் குழந்தைகளைச் சவாரி ஏற்றும் ஒருவர், பாதி வருமானத்தைக் கொடுத்துவிடுகிறேன், ஞாயிறு மாலைகளில் குதிரையைக் கண்ணகி சிலைக்கருகே விட்டுவிடுங்கள் என்றார். 2024-இல் கிண்டியின் நூற்றறுபது ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்த செய்தி வந்ததிலிருந்து, "ரேஸ் கோர்ஸையே மூடியாச்சு, ஆளா கிடைக்காது?" என்று சொல்லாத நண்பர் இல்லை. பந்தயக் குதிரைக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒருவர் மெய்யாகவே வந்தார். அவருக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று, திறமையைப் பொறுத்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைக்கு ஆள் தேடுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சூதாட்டம் என்றுதான் சொல்லியிருக்கும்.

இதற்கிடையில் செய்தி வாய் மாறி வாய் மாறி ஏரிக்கரைச் சாலைக்கு (ஏரி போய் எத்தனையோ காலமாகிவிட்டது) போய்ச் சேருவதற்குள், கர்ப்பம் குதிரைக்கு என்றாகிவிட்டது. மாமிகள் தொலைபேசியில் கூப்பிட்டு, மனுஷாளுக்கு இருநூற்றெண்பது நாள், குதிரைக்குப் பதினொரு மாசமாமே, பாவம், என்று அனுதாபப்பட்டார்கள். ஒருவர் குங்குமப்பூ கொடுத்தனுப்பினார். சக்ரவர்த்தி ஆண் குதிரை என்று நான் விளக்கியதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த ஊரில் நடத்த ஆள் தேவைப்படாத குதிரை ஒன்றே ஒன்றுதான்: 1839 முதல் மன்றோ துரையைச் சுமந்துகொண்டு தீவுத்திடலருகே நிற்கிற வெண்கலக் குதிரை. துரை சேணமும் அங்கவடியும் இல்லாமலே உட்கார்ந்திருக்கிறார். அவற்றை வாங்கி வரத் தெரிந்தவர் யாரையாவது அனுப்பியிருந்தாரோ என்னவோ.

கடைசியில், என் மைத்துனருக்குத் தெரிந்த, தியாகராய நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிலும் மேற்படி வீடியோ இளைஞன் வந்து, முதல் வாரம் மகா சுறுசுறுப்பாக இருந்தான். அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். மைத்துனர் இப்போது அவனை அவ்வளவாகத் தெரியாது என்கிறார்.

நான் சொல்வதாகச் சொன்ன உபாயம் இதுதான்: யாருக்குத் தெரிந்தவர் என்று கேட்காமல், ஏறிக் காட்டச் சொல்வது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அறுபத்தைந்து கிலோவுக்கு மேற்படாதவரும், சேணத்தில் ஆடாமல் உட்காருபவரும், கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையின் வாயைக் கிழிக்காதவரும், காலை ஐந்தரை மணிக்கு லாயத்தில் இருக்கக்கூடியவருமான ஒருவர், ஆணோ பெண்ணோ, எந்த ஊராரோ, நேரே வந்து சக்குவின் மேல் ஏறிக் காட்டினால் போதும். ஒன்றாம் தேதி சம்பளம். மைத்துனர்களின் சிபாரிசு ஏற்கப்பட மாட்டாது.