ஃபுல் பாடி பார்த்தசாரதி

“ஒரே அசதியா இருக்கு சார்.” காலை வணக்கம் சொன்னால் பார்த்தசாரதியிடமிருந்து பதிலாக வருவது இதுதான். லிஃப்டில் அவரிடம் மாட்டினால் மூன்றாவது மாடிக்குள் கொலஸ்ட்ரால் முடிந்து, ஐந்தாவது மாடியில் வைட்டமின் டி ஆரம்பமாகிவிடும்.

‘80 டெஸ்ட், பாதி விலை’ என்றால் தீபாவளித் தள்ளுபடியைக் கண்டதுபோல் புக் பண்ணிவிடுவார். ரத்த அணுக்களைக் கணக்கெடுக்கும் ‘சிபிசி’ என்ற ஒரே டெஸ்டை இருபது சொச்சமாகப் பிரித்து எண்ணித்தான் அந்த 80 வருகிறது என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பன்னிரண்டு மணி நேரப் பட்டினியோடு, காபியும் இல்லாமல், ரத்தம் எடுக்கும் பையனுக்காகக் காத்திருக்கும் காலையில் மட்டும் அவருடைய அசதி நூறு சதவீதம் நிஜம்.

ரிப்போர்ட்டில் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் இருக்கும். “நான் சொல்லல?” முகத்தில் அப்படியொரு வெற்றிக்களை.

தடித்த எழுத்து வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போட்ட கோட்டைத்தான் பெரும்பாலும் ‘நார்மல்’ என்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது கோட்டைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. போதாக்குறைக்கு, முடி கொட்டுகிறதென்று இவர் விழுங்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிசல்ட்டையே புரட்டிக் காட்டக்கூடியது.

அசதிக்கு டெஸ்டே வேண்டாமென்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சுகர், டி.எஸ்.எச்., கிரியேட்டினின், சைவக்காரர் என்றால் பி-12. பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைலோடும் மனைவியோடும் வந்த பார்த்தசாரதியிடம் டாக்டரும் கேட்டார்:

“குறட்டை விடுவீங்களா?”

“சேச்சே!”

“எங்க பிளாக்ல யாரும் தூங்கறதே இல்ல டாக்டர்,” என்றார் மனைவி.

தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்துத் திறக்கும் ஸ்லீப் ஆப்னியா எந்த ரத்த டெஸ்டிலும் சிக்காது. உடம்பில் ஒயர் மாட்டித் தூங்கவைத்துத்தான் பார்க்க வேண்டும். “இது பேக்கேஜ்ல வருமா டாக்டர்?” என்றார் பார்த்தசாரதி.

டாக்டர் அவருடைய ஃபைலை மூடிவிட்டு, 47 வயது மனைவியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை “வயசாச்சுல்ல” என்று தள்ளிவிட்டவர், அதுவரை ஒரு டெஸ்டும் எடுக்காதவர். எடுத்துப் பார்த்தால், ஹீமோகுளோபின் எட்டு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25.