நான் இல்லாத நாட்களின் பட்டியல்

பெறுநர்: உயர்திரு உள்துறை அமைச்சகத்தார், 2 மார்ஷம் தெரு, வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன்.

பொருள்: குடியுரிமை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய வெளிநாட்டுப் பயணப் பட்டியல் – தாமதத்துக்கான விளக்கம் சமர்ப்பித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

லண்டனில் வசித்து, வருமான வரி கட்டி, குப்பையைச் சரியான கிழமையில் சரியான நிறத் தொட்டியில் போட்டுவரும் நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: விண்ணப்பத்தின் மற்ற பக்கங்களை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். பெற்றோர் பெயர் என்ன, பயங்கரவாத இயக்கத்தோடு தொடர்புண்டா, போர்க்குற்றம் செய்ததுண்டா, எதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கடந்த ஐந்தாண்டுகளில் எப்போதெல்லாம் இந்த நாட்டில் இல்லை என்ற பக்கத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, போன நாடு, போன காரணம். நிரந்தர வசிப்புரிமைக்கு ஒரு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. குடியுரிமைக்கு இப்போது மறுபடியும். போர்க்குற்றத்துக்கு ஒரு டிக் போதும். லிஸ்பனில் கழித்த வார இறுதிக்கு நான்கு கட்டம் நிரப்ப வேண்டும்.

முதலில் தங்கள் கணிதத்தைப் பாராட்டிவிடுகிறேன். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கணக்கில் சேராது. இடையில் முழுதாகக் கழிந்த நாள்தான் இல்லாத நாள். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ரயிலேறிப் பாரிஸ் போய், ஞாயிறு இரவு திரும்பினால், நான் இல்லாதது சனிக்கிழமை மட்டுமே. வெள்ளி இரவு மோன்மார்த்ர் பக்கம் ஒரு விடுதியில் குறட்டை விட்டவன், சட்டப்படி லண்டனில் இருந்தான். பாரிஸுக்கு இரண்டேகால் மணி நேரம். பக்கத்துக் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு நாலரை மணி நேரம். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஒரு தெருதான். இந்தப் பக்கம் ஏறினால் ஆள் இருக்கிறான், அந்தப் பக்கம் ஏறினால் ஆள் இல்லை. (இந்தியப் பாஸ்போர்ட்டோடு அந்தப் பக்கம் ஏற 90 யூரோ கட்டி ஷெங்கன் விசா வாங்க வேண்டும். அது வேறொரு அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதம்.)

க்ராய்டனில் தங்கள் குடிவரவுத் துறை குடியிருக்கும் இருபது மாடிக் கட்டடத்துக்கு லூனார் ஹவுஸ் என்று பெயர். மனிதன் நிலவில் இறங்கிய புதிதில், 1970-ல், அந்தப் பெருமிதத்தில் வைத்த பெயர். ஆர்ம்ஸ்ட்ராங் குழுவினர் 1969 ஜூலை 16 புறப்பட்டு 24 திரும்பினார்கள். தங்கள் கணக்கில் அவர்கள் இல்லாதது ஏழே நாள். காரணம் என்ற கட்டத்தில் ‘அலுவலகப் பணி’ என்று எழுதியிருந்தால் போதும். குடியுரிமைக்கு ஐந்தாண்டில் 450 நாள் வெளியே இருக்கலாம் என்பதால் 443 நாள் மிச்சமே இருந்திருக்கும்.

அந்த 450-க்குள் கடைசி ஓராண்டில் 90 நாளைத் தாண்டக்கூடாது. நிரந்தர வசிப்புக்கோ வேறு கணக்கு: எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180-க்குள் இருக்க வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை தேறினால் போதாது. ஆடிப்பெருக்கிலிருந்து அடுத்த ஆடிப்பெருக்கு வரை எண்ணினாலும் தேற வேண்டும். இதற்கென்றே இங்குள்ள நம்மவர்கள் ஆளுக்கொரு எக்செல் வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலில் ஒரு தைப்பூசத்தன்று எனக்கு முன்னால் நின்ற இருவர் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அலங்காரத்தைப் பற்றியாக்கும் என்று காது கொடுத்தால், லீப் வருஷத்தின் பிப்ரவரி 29 ஃபார்முலாவில் விழுகிறதா இல்லையா என்று விவாதம்.

நாளைக்கூட எண்ணிவிடலாம். காரணம் என்று ஒரு கட்டம் வைத்தீர்களே, அங்கேதான் கை நின்றுவிடுகிறது. ஊருக்குப் போகும் தமிழன் என்றைக்கு ஒரே காரணத்துக்காகப் போயிருக்கிறான்? மாமா பெண் கல்யாணத்துக்கென்று டிக்கெட் போடுவோம். போனதுதான் போனோம் என்று குலதெய்வத்துக்குப் பொங்கல், பையனுக்குக் காதுகுத்து, தாம்பரத்து மனைக்குப் பட்டா மாற்றல், அம்மாவுக்குக் கண்புரை, எனக்கு ரூட் கெனால். இந்தக் கடைசிக் காரணத்தை எழுதத்தான் தயங்குகிறேன். விசாவோடு தாங்கள் வசூலிக்கும் மருத்துவ மேல்வரி 2015-ல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கி, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035 பவுண்டு. ஐந்தாண்டு விசா என்றால் ஐந்தாண்டுத் தொகையும் முதலிலேயே. சம்பளத்தில் தேசியக் காப்பீடு தனியாகப் பிடிப்பார்கள். இவ்வளவும் கட்டியவன் பல் வைத்தியத்துக்கு ஐயாயிரம் கல் தொலைவு பறந்தான் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதினால், தங்களுக்குத்தானே மனம் சங்கடப்படும்? ‘விடுமுறை’ என்று போட்டிருக்கிறேன்.

சாவுக்கும் அந்தக் கட்டம் பொருந்தவில்லை. எங்கள் ஊரில் மறுநாளே எடுத்துவிடுவார்கள். ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு நேர் விமானமே கிடைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல். அதன் பிறகு ராத்திரி பஸ். பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய் நிற்க முடிகிறது. அதற்கும் ‘குடும்பம்’, மாமா பெண் கல்யாணத்துக்கும் ‘குடும்பம்’. வாசிக்கிற அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்தவர். அகதிகளுக்குத் தாங்கள் தரும் பயண ஆவணம் சொந்த நாட்டுக்குச் செல்லாது. ஆகவே அவருடைய அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வருவார். இவர் லண்டனிலிருந்து திருச்சிக்குப் போவார். தங்கச்சி கல்யாணமும் திருச்சியில் ஒரு மண்டபத்தில்தான் நடந்தது. குடியுரிமைக்கு அந்த நாளில் தாம் கொடுத்த பட்டியலின் நகலைக் காட்டினார். வரிக்கு வரி இந்தியா, இந்தியா, விடுமுறை, விடுமுறை. “தம்பி, உங்களுக்கு நாள் கணக்குத்தான் பிரச்சினை. நான் போகவேண்டிய இடம் இந்தப் பேப்பரில ஒரு மூலையிலயும் இல்லைப் பாருங்கோ” என்றார். அவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்துப் பல காலம் ஆகிறது. நகலை இன்னும் எறியவில்லை.

நடுவில், இந்த நாட்டு வாழ்க்கை பற்றித் தாங்கள் வைக்கும் தேர்வையும் எழுதினேன். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வந்தால் தேர்ச்சி, கட்டணம் 50 பவுண்டு. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் வரிசையாகச் சொல்வேன். லண்டன் ஐ ராட்டினத்தின் உயரம் 443 அடி என்பதும் தெரியும் (ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு மிஞ்சிய நாட்களும் அத்தனையே, தற்செயல்தான்). இந்தத் தேர்வு மோசமான பப் வினாடி வினாவைப் போல இருக்கிறது என்று டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாம் ப்ரூக்ஸ் 2013-லேயே சொல்லிவிட்டார். அவர் அமெரிக்காவிலிருந்து வந்து இதே தேர்வை எழுதிக் குடிமகனானவர், ஆகவே சொல்லலாம். நான் இன்னும் விண்ணப்பதாரன், ஆகவே சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தத் தேர்வுக்கான கையேட்டில் ஒருவரைச் சந்தித்ததற்குத் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்: ஷேக் தீன் முகமது. 1759-ல் பிறந்த பாட்னாக்காரர். 1810-ல் லண்டன் ஜார்ஜ் தெருவில் நாட்டின் முதல் இந்திய உணவகத்தைத் திறந்தார், இரண்டே ஆண்டில் திவாலானார், பிறகு பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் எண்ணெய் மசாஜும் நடத்திச் செல்வாக்காக வாழ்ந்தார். லண்டனுக்கு வருமுன் அயர்லாந்தில் இருந்தபோது, 1794-ல், தம் பயணங்களை நூலாக எழுதி வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சான முதல் நூல் அதுதான். அவர் இன்றைக்கு விண்ணப்பித்தால் அந்த நூல் முழுவதையும் நான்கு கட்டத்துக்குள் சுருக்க வேண்டும். காரணம்: அலுவலகப் பணி. தங்களால் பாராட்டப்படுவதற்குப் புலம்பெயர்ந்தவருக்குள்ள உத்தமமான வழி, இருநூறு ஆண்டு முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவது.

இனி ஒரு சின்னச் சந்தேகம். 2015 ஏப்ரல் முதல் நாட்டைவிட்டு வெளியேறுகிறவர்களின் விவரங்களையும் தாங்கள் திரட்டுகிறீர்கள். ஆக, நான் எழுதப்போகும் பட்டியல் ஏறக்குறைய தங்களிடமே இருக்கிறது. தெரிந்ததைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு. எங்கள் ஊர்த் தாலுகா ஆபீசும் அதை அறியும். ஆகவே கேட்டதைப் பற்றிக் குறையில்லை. ஏடு யாரிடம் பத்திரமாக இருக்கும் என்பதுதான் என் கேள்வி. நான் போர்டிங் பாஸ்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். தாங்கள்?

1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். அதைத் தொடர்ந்து கரீபியத் தீவுகளிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். லண்டனின் பேருந்துகளையும் மருத்துவமனைகளையும் அவர்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். பிள்ளைகள் பலர் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே வந்தார்கள். அவர்கள் வந்திறங்கியதற்குச் சாட்சியாக இருந்த இறங்கு அட்டைகள் தங்கள் வசம் இருந்தன. 2010-ல் தாங்களே அழித்தீர்கள். பிறகு, அரை நூற்றாண்டு இங்கேயே உழைத்துக் கிழவரானவர்களைக் கூப்பிட்டு, இங்கிருந்ததற்கு ஆண்டுவாரியாகக் காகிதம் கொண்டுவரச் சொன்னீர்கள். சிலருக்கு வேலை போனது, சிலருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் தடுப்புக் காவலில் கிடந்தார்கள், சிலர் சிறுவயதில் விட்டுவந்த தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். 2018-ல் விஷயம் வெடித்தபோது தங்கள் அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். 2020-ல் வெண்டி வில்லியம்ஸ் விசாரணை அறிக்கை தந்தார். கற்ற பாடங்கள் என்று அதன் தலைப்பிலேயே இருந்தது. தாங்கள் கற்றீர்களோ இல்லையோ, நான் கற்றேன். இப்போது பிஸ்கட் டின் இரண்டு.

அதனால்தான் கையிலிருந்த வசிப்பு அட்டையைத் தாங்கள் 2024 டிசம்பர் 31-ஓடு முடித்துவைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இப்போது எல்லாம் மின்விசா. இந்த நாட்டில் வாழ உரிமையுள்ளவன் என்பதற்குப் பையிலிருந்து எடுத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் கேட்டால் 90 நாள் செல்லும் ஒரு குறியெண்ணைத் தங்கள் இணையதளத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் பின்னிரவு கவுன்டரில் நிற்கும் பையன் “சார், யூகே கார்டு?” என்பான். நான் மின்விசாவின் தத்துவத்தை விளக்குவேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான் விமான நிலைய வைஃபையைத் தேடுவேன், பின்னால் வரிசையில் ஒரு பெரியவர் “என்னப்பா, லண்டன்லேர்ந்து ஒரு சீட்டுக்கூடவா குடுத்து விடல?” என்பார்.

கட்டணத்தைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. 2025 ஏப்ரலில் நிரந்தர வசிப்புக்கு 3,029 பவுண்டு; குடியுரிமைக்கு உறுதிமொழி விழாவையும் சேர்த்து 1,735 என்று ஆக்கினீர்கள். ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தங்களுக்கு என்ன செலவாகிறது என்பதையும் தாங்களே வெளியிடுகிறீர்கள். அது இதில் ஒரு பங்குதான். இலாபத்தை ஒளிக்காமல் சொல்லும் வியாபாரியை நான் மதிக்கிறேன். 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் நிரந்தர வசிப்புக்கான ஐந்தாண்டைப் பத்தாக்க முன்மொழிந்தீர்கள். எனக்குப் பின்னால் வரும் தம்பிமார்களின் எக்செல்லுக்கு இப்போதே அனுதாபம்.

இனி தாமதத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் தங்களை வந்தடையும் நாளுக்குச் சரியாக ஐந்தாண்டு முன்னால் நான் இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் முகூர்த்தம் பார்ப்பதுகூட இதைவிட எளிது. ஜோசியர் வருங்காலத்தைத்தான் பார்ப்பார், கழிந்த காலத்தில் நல்ல நாள் தேடச் சொல்லமாட்டார். விண்ணப்பம் தயாராக இருக்கிற இந்த வாரத்துக்கு நேரான ஐந்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் நான் கும்பகோணத்தில் இருந்தேன். ஒரு வாரம் தள்ளினால் தங்கள் கணக்கு சரியாகிறது. ஆனால் ஆடி பிறந்துவிடுகிறது. “ஆடியில போய் நல்ல காரியத்தை ஆரம்பிப்பாங்களா?” என்று அம்மா போனில் சத்தம் போடுகிறாள். தாங்கள் 450 நாள் வரை பொறுப்பீர்கள். மனது வைத்தால் அதற்கு மேலும் விட்டுக்கொடுக்கத் தங்கள் விதியில் இடமுண்டு. அம்மாவிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே ஆவணி முதல் முகூர்த்தத்தில் விண்ணப்பம் வந்து சேரும். அதுவரை கட்டணத்தையோ, ஆண்டுக் கணக்கையோ, அல்லது இரண்டையுமோ உயர்த்தாமல் இருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்று முழு நாளும் இந்நாட்டிலேயே இருந்த
தங்கள் உண்மையுள்ள விண்ணப்பதாரன்