நாகேஷ் கிடைத்தால் எடுக்கலாம்

கேள்வி: பழைய படங்களை யாரும் தொடக் கூடாது என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் என்ன?
— கறுப்பு வெள்ளைப் பிரியர், கும்பகோணம்

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் காப்பாற்ற நினைக்கிற படங்களே முதலில் மாட்டும். சிவாஜியின் 'உத்தமபுத்திரன்' (1958) பிடிக்கும்தானே? 1940-லேயே பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் கட்டி ஓடிய கதை அது. அதற்கும் முன்னால் போனால் பிரெஞ்சுக்கார அலெக்சாந்தர் டூமா வீட்டு வாசலில் நிற்பீர்கள். எம்.ஜி.ஆருக்கும் இதே கதையின் மேல் ஒரு கண் இருந்தது. விட்டுக்கொடுத்தார். ஆனால் அதே ஆண்டு அவருடைய 'நாடோடி மன்னன்' வந்தது. அதிலும் ஒரு மன்னன், அவனை உரித்துவைத்தாற்போல் இன்னொருவன்! 'அம்பிகாபதி' 1937-இல் பாகவதருக்கு, 1957-இல் சிவாஜிக்கு. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1941-இல் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து வந்தது, 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து கலரில் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம் உங்கள் சட்டத்துக்குப் பயந்திருந்தால், தமிழின் முதல் கலர் படத்துக்கு வேறு கதை தேடியிருக்க வேண்டும்.

கேள்வி: 'காதலிக்க நேரமில்லை'யை இன்றைய நடிகர்களை வைத்து எடுத்தால் பிய்த்துக்கொண்டு ஓடாதா?
— கதையோடு அலையும் உதவி இயக்குநர், வடபழனி

பதில்: தம்பி, முதலில் கதையை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். எஸ்டேட்டில் வேலை போன பையன், முதலாளி பாலையாவின் பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காகத் தன் நண்பன் முத்துராமனுக்கு வெள்ளை முடி வைத்து, கோடீஸ்வர அப்பா என்று கூட்டிவருகிறான். 1964-இல் இது நடக்கும். அந்தக் கோடீஸ்வரர் நிஜமா என்று விசாரிக்க வேண்டுமென்றால் ஆள் போக வேண்டும், கடிதம் போக வேண்டும். இன்றைக்குப் பாலையா செல்போனை எடுத்துப் பெயரைத் தட்டினால், முத்துராமன் சோபாவில் உட்காருவதற்குள் 'வணக்கம்' போட்டுவிடலாம். எஸ்டேட்டில் சிக்னல் இல்லை என்று எழுதிக்கொள்வீர்கள், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தக் காட்சி. செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பா பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்கிறார். எல்லோரும் அதை நாகேஷ் காட்சி என்கிறார்கள். நாகேஷ் சத்தம் கொடுக்கிறார், கதவைத் திறக்கிறார், கையை ஆட்டுகிறார், வாஸ்தவம். ஆனால் நாம் சிரிப்பது பாலையாவைப் பார்த்து. காசுள்ள மனிதர், கம்பீரமான குரல், மகனை உருப்படாதவன் என்று ஒதுக்கிவைத்தவர். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப்பிள்ளையாகி நாற்காலிக்குள் சுருங்குகிறார். அவர் பயப்படவில்லை என்றால் நாகேஷ் காற்றில் கை வீசிக்கொண்டிருப்பார். கேட்பவர் சரியாக அமையாததால் செத்துப்போன நகைச்சுவைக் காட்சிகள் நம் சினிமாவில் ஏராளம்.

படத்தை இயக்கிய ஸ்ரீதர் இது தெரிந்தவர். 1966-இல் தானே இந்திக்குப் போய் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தபோது, நாகேஷ் இடத்தில் மெஹ்மூதைப் போட்டதோடு நிற்கவில்லை. பாலையா இடத்துக்கு ஓம் பிரகாஷைப் பிடித்தார். மெஹ்மூதுக்கு பிலிம்ஃபேர் விருதே கிடைத்தது. ஆகவே கதை எப்போதும் கிடைக்கும் தம்பி. நாகேஷ் கிடைத்தால் எடுங்கள். பாலையா கிடைத்தால் எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: ரீமேக் மன்னன் யார்?
— ஒற்றைவரி ஓவியன், கரூர்

பதில்: படத்துக்கா, பெயருக்கா? பெயருக்கு என்றால் தனுஷ். பொல்லாதவன், படிக்காதவன், உத்தமபுத்திரன், மாப்பிள்ளை, தங்கமகன், கர்ணன் எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை போஸ்டரில் ஒட்டிய பெயர்கள். இதில் பழைய கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது 'மாப்பிள்ளை' ஒன்றுதான். ஸ்ரீவித்யா நின்ற இடத்தில் மனிஷா கொய்ராலா நின்றார். பழைய கதையை வாங்காத 'கர்ணன்' எங்கே போனது, வாங்கிய 'மாப்பிள்ளை' எங்கே நின்றது என்று நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'பில்லா'வில் எது ஒரிஜினல்? எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தினமும் தகராறு.
— நடுவில் மாட்டிய அம்மா, திருப்பூர்

பதில்: இரண்டு பேருக்கும் சோறு போடாதீர்கள் அம்மா, இருவருமே தப்பு. ஒரிஜினல் 1978-இல் அமிதாப் நடித்த 'டான்'. சலீம்–ஜாவேத் எழுதியது. ரஜினியின் 'பில்லா' 1980, அஜித்தின் 'பில்லா' 2007.

இதில் ரசமான விஷயம் ஒன்று உண்டு. 2006-இல் ஜாவேதின் மகன் ஃபர்ஹான் அக்தர் அப்பாவின் கதையையே ஷாருக்கானை வைத்து எடுத்தார். பழைய படம் பார்த்தவர்கள் எல்லாம் 'இவன் வேஷக்காரன், இவன் நல்லவன்' என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்க, கடைசியில் காலை வாரிவிட்டார். கதை தெரிந்தவனைத்தான் அந்தப் படம் அதிகம் ஏமாற்றியது. ரீமேக் எடுக்க அது ஒரு நியாயமான காரணம். நம் அஜித் படம் கதையில் பெரிதாகக் கை வைக்கவில்லை. மலேசியாவுக்குப் போய், கோட்டு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மெதுவாக நடந்தது. அந்த நடைக்கே படம் ஓடியது. அதையும் குறை சொல்ல மாட்டேன். எதை மாற்றப் போகிறோம் என்பதில் இயக்குநர் விஷ்ணுவர்தனுக்குக் குழப்பமே இல்லை.

கேள்வி: எதையுமே மாற்றாமல் அப்படியே எடுத்தால் யாருக்கும் கோபம் வராதே?
— சமாதானப் பிரியை, ஶ்ரீரங்கம்

பதில்: வந்தது. ஹாலிவுட்டில் கஸ் வான் சாண்ட் 1998-இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் திரும்ப எடுத்தார். அதே திரைக்கதை, அதே இசை, கலர் மட்டும் கூடுதல். குளியலறையில் அதே கத்தி, அதே திரைச்சீலை. பயம் மட்டும் வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் உயிர் இல்லாமல் போக முடியும் என்று ஸ்டுடியோ செலவில் நிரூபித்த புண்ணியவான் அவர்.

ஹிட்ச்காக் தன்னுடைய படத்தைத் தானே திரும்ப எடுத்தவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'தி மேன் ஹூ நியூ டூ மச்' 1934-இல் ஒருமுறை, 1956-இல் ஒருமுறை. முதலாவது திறமையுள்ள கத்துக்குட்டி எடுத்தது, இரண்டாவது தொழில் தெரிந்தவன் எடுத்தது என்ற பொருளில் அவரே சொன்னார். இங்கே மெஹ்பூப் கான் 1940-இல் எடுத்த 'ஔரத்'தைத்தான் 1957-இல் 'மதர் இந்தியா'வாக எடுத்தார். பிமல் ராய் கதை இன்னும் நன்றாக இருக்கும். பருவா 1935-இல் எடுத்த 'தேவதாஸ்' படத்துக்கு அவர் ஒளிப்பதிவாளர். இருபது ஆண்டு கழித்து, 1955-இல், தானே இயக்குநராக திலீப்குமாரை வைத்து அதே கதையை எடுத்தார். இருபது வருஷமாக ஒருத்தர் மனதுக்குள் 'இந்த இடத்தில் கேமராவை இங்கே வைத்திருக்கக் கூடாது' என்று உறுத்திக்கொண்டே இருந்தால், அவரை எடுக்கவிட்டுவிட வேண்டும். இப்படி உறுத்தல் உள்ளவர் எடுக்கிற ரீமேக்குக்கு நான் டிக்கெட் வாங்குவேன். 'அந்தப் பெயருக்கு மார்க்கெட் இருக்கிறது சார்' என்பவர் எடுப்பதற்கு ஓசி பாஸ் கொடுத்தாலும் யோசிப்பேன்.

கேள்வி: 2013-இல் வந்த 'தில்லு முல்லு' ஏன் என்னைச் சிரிக்கவைக்கவில்லை?
— மீசை எடுத்தவர், நாகர்கோவில்

பதில்: பதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. 1981-இல் ரஜினிக்கு மீசை இல்லை என்பதே ஒரு செய்தி. மீசை இல்லாதவன் மனுஷனே இல்லை என்று நம்பும் தேங்காய் சீனிவாசன் முன்னால், தமிழ்நாடே மீசையோடு பார்த்துப் பழகிய ஆள் மழித்த முகத்தோடு வந்து நின்றார். மூலமான இந்தி 'கோல்மால்' (1979) படத்தில் அமோல் பாலேக்கர் மீசையை எடுத்தபோது யாருக்கும் பகீர் என்று இருந்திருக்காது. அந்த வகையில் பாலசந்தர் ரீமேக்குக்கு ஒரு புது ஜோக் கிடைத்தது, அது நடிகரின் முகத்திலேயே இருந்தது. மூன்றாவது தடவை எடுத்தவர்களுக்கு அப்படி ஒன்று அகப்படவில்லை.

கேள்வி: பழைய படத்தின் உரிமை அறுபது வருஷத்தில் முடிந்துவிடுமாமே? அப்படியானால் 'கர்ணன்' இனி ஊர்ப் பொதுச் சொத்தா?
— சட்டம் படித்துக்கொண்டே சினிமா பார்ப்பவர், செங்கல்பட்டு

பதில்: பாதி சரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' இரண்டுக்கும் அது 2024 டிசம்பரோடு முடிந்தது. உடனே பூஜை போட்டுவிடாதீர்கள். அது படச்சுருளுக்கான கணக்கு. கதை, வசனம், பாட்டு எல்லாவற்றுக்கும் எழுதியவர் காலமான பிறகு 60 ஆண்டு என்று வேறு கணக்கு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். அவர் பாட்டுக்கு 2041 முடிய உரிமை உண்டு. ஸ்ரீதர் மறைந்தது 2008-இல். அவர் எழுதியதற்குக் குறைந்தது 2068 வரை. படத்தைத் திரையிட்டுக்கொள்ளலாம், ஆனால் அதே வசனத்தை உங்கள் கதாநாயகன் வாயில் வைக்க முடியாது என்றால் என்ன ரீமேக்? அதற்குள் நீங்கள் சட்டம் படித்து முடித்துவிடுவீர்கள், வந்து வாதாடுங்கள்.

கேள்வி: 'தில்லானா மோகனாம்பாள்' ரீமேக் செய்யவே முடியாத படம் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
— நாதஸ்வர ரசிகர், திருவாரூர்

பதில்: மாட்டேன். அது ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது என் கட்சி. கலைக்கர்வம் உள்ள ஒருத்தன், அவனுக்குச் சளைக்காத ஆட்டக்காரி, முதல் சந்திப்பிலேயே போட்டி, இரண்டு பக்கமும் வம்பு பேசும் பரிவாரம், இடையில் புகுந்து காரியம் கெடுக்கும் பெரிய மனிதர்கள். இந்தச் சட்டகத்தில் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டுக் கரகத்தை வையுங்கள். 1989-இல் 'கரகாட்டக்காரன்' வந்துவிடும். யாரும் 'ஐயோ சிவாஜியைத் தொட்டுவிட்டார்களே' என்று கொடி பிடிக்கவில்லை. ராமராஜன் சிவாஜியைப் போல ஒரு இடத்தில்கூடப் புருவம் தூக்கவில்லை. இயக்குநர் கங்கை அமரனும் போஸ்டரில் பழைய பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஊரை மாற்றினார், ஜாதகத்தை மாற்றினார், வாழைப்பழ நகைச்சுவையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு அந்த வாழைப்பழத்தை யாராவது ரீமேக் செய்யக் கிளம்பினால் நானே கும்பகோணத்துக்காரர் சட்டத்தில் கையெழுத்துப் போடுவேன்.

கேள்வி: ரீமேக்குக்குப் பதில் பழைய படத்தையே பளபளவென்று கழுவி வெளியிட்டால் போதாதா?
— தியேட்டர் மேனேஜர் (ஓய்வு), மதுரை

பதில்: பல சமயம் போதும். 2012-இல் 'கர்ணன்' அப்படி வந்து புதுப் படங்களோடு மோதி நூறு நாளைத் தாண்டியது. 2014-இல் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. செலவும் குறைவு, கதாநாயகன் கால்ஷீட் பிரச்சினையும் கிடையாது. கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவதில் மட்டும் எனக்கு மனது ஒப்பவில்லை. வெளிச்சத்தையும் நிழலையும் கணக்குப் போட்டு வைத்தவரிடம் கேட்காமல் புடவைக்குப் பச்சை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: சரி, உங்களிடம் பணம் இருந்தால் எந்தப் படத்தை ரீமேக் செய்வீர்கள்?
— நிதியாளர் அல்ல, சும்மா கேட்கிறேன், விழுப்புரம்

பதில்: 'காளிதாஸ்'. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம், எச்.எம்.ரெட்டி இயக்கியது. பிரதி அழிந்துவிட்டது. 'ஒரிஜினல் மாதிரி இல்லை' என்று ஒரு விமர்சகரும் எழுத முடியாது. கதாநாயகி டி.பி.ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார், சிலர் இந்தியில் பேசினார்கள். காளிதாசன் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தியாகராஜ கீர்த்தனையும் கைராட்டினப் பாட்டும் உண்டு. அன்றைக்கு இதைக் குழப்பம் என்றார்கள். இன்றைக்கு ஒரு வரிகூட மாற்றாமல் எடுத்து, 'பான் இந்தியா' என்று விளம்பரம் கொடுத்துவிடலாம்.