தேக்காவில் மாடு போய் கிருமி வந்த கதை

சிங்கப்பூர்த் தேக்காவின் ஆதிப் பெருமை தங்கமல்ல, சாணி. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரையும் புல்லையும் நம்பி சிராங்கூன் ரோட்டோரம் மாட்டு வியாபாரம் கொழித்தது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வியாபாரி பெலிலியோஸ் அதில் பெரும்புள்ளி; அவருக்கு ஒரு ரோடு. எருமைக்கும் ஒரு ரோடு. எருமைக் கொட்டிலின் பெயரையே சூட்டிக்கொண்ட கண்டாங் கெர்பாவ் 1924இல் பிரசவ ஆஸ்பத்திரியானது. 1966இல் மட்டும் அங்கே 39,835 பிரசவம், கின்னஸ் சாதனை. மாடுகளே வெட்கப்பட்டிருக்கும்.

அதற்குள் மாடுகள் ஊரைவிட்டுப் போயிருந்தன. ஆனால் சிங்கப்பூரில் பிறக்கும் பிள்ளைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியில் இருப்பது மாட்டுக் கிருமி!

பிரான்சின் லீல் நகரில் ஆய்வாளர் கால்மெட்டும் மாட்டு வைத்தியர் குவேரினும் 1908 முதல், மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தத்திலும் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கொருமுறை புதுக் கிழங்குக்கு மாற்றம். நடுவே உலகப் போர் வந்து ஊரையே ஜெர்மானியர் பிடித்தும் இவர்கள் கிழங்கை விடவில்லை. பதின்மூன்று வருஷத்தில் சுமார் 230 மாற்றம். ஜெயிலுக்கு ஜெயில் மாற்றப்பட்ட ரவுடிபோல கிருமிக்குப் பல் விழுந்துவிட்டது; மூஞ்சி மட்டும் மாறவில்லை.

அந்த மூஞ்சிதான் வேலை செய்கிறது. தோலுக்குள் போனதும் விழுங்கணுக்கள் அதன் கொழுப்புச் சுவரை அடையாளம் கண்டு, விழுங்கி, ஊரைக் கூட்டுகின்றன. ஓடிவரும் டி அணுக்கள் இன்டர்ஃபெரான் சுரந்து விழுங்கணுக்களை இன்னும் உசுப்பேற்றுகின்றன. ஊசி போட்டுப் பல வாரம் கழித்தும் சம்பந்தமில்லாத கிருமிகளிடம்கூட இரத்த அணுக்கள் சிலிர்த்து நிற்பதை 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்திய அரசியல் தலைவர் ராஜாஜிக்கு இந்த ஊசியே பிடிக்கவில்லை. 1955இல் பிசிஜியை எதிர்த்துப் புத்தகமே போட்டார். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் சோதனையோ, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை என்று கைவிரித்தது. முடிவு வருமுன்பே ராஜாஜி காலமாகிவிட்டதால், "அப்பவே சொன்னேனே" என்று சொல்ல ஆளில்லை. குழந்தைகளின் மூளைக்காசத்தை அது தடுக்கும் என்பதால் சிங்கப்பூரும் ஊசியைக் கைவிடவில்லை; பள்ளியில் போட்ட இரண்டாம் ஊசியை மட்டும் 2001இல் நிறுத்தியது.

கிருமிக்கு இப்போது வேறு உத்தியோகமும் உண்டு. கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் 1976இல் காட்டிய வழிப்படி, மூத்திரப்பைப் புற்றுக்காரர்களுக்குக் குழாய் வழியே அதை உள்ளே விடுகிறார்கள். பழைய மூஞ்சியைப் பார்த்ததும் எதிர்ப்பணுக்கள் கூட்டமாகப் புகுந்து, பக்கத்தில் நின்ற புற்றையும் சேர்த்து மொத்துகின்றன.