உமிக்கரியில் தேய்த்த பாட்டா

கேள்வி: எங்க பாட்டா தொண்ணூறு வயசு வரைக்கும் உமிக்கரி வச்சுதான் பல்லு தேச்சாரு. கடைசி வரை முறுக்கு கடிச்சாரு. பேரனுக்கு மட்டும் எதுக்கு இத்தனை விலையில பேஸ்ட்? (குழித்துறை)

பதில்: பாட்டாவின் பல்லைக் காத்தது உமிக்கரியா, வீட்டில் பிஸ்கட் டின் இல்லாததா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். உமிக்கரி, உப்பு, நல்லமிளகு என்ற அந்தக் கூட்டு அழுக்கை எடுக்கும். ஈர்க்கைப் பிளந்து நாக்கு வழித்தாரே, அதற்கு இன்றைக்கும் மார்க் போடலாம். ஆனால் நெல் உமியில் சிலிகா நிறைய. சரியாகப் பொடியாகாத கரி எனாமலை அரம்போல ராவும். ராவிய எனாமல் திரும்ப முளைக்காது. சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் கரியில் இல்லை. பேரன் தின்கிற இனிப்புக்கு அது வேண்டியிருக்கிறது.

விலையைப் பார்க்க வேண்டாம். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் ‘ஃபுளோரைடு’ இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் அதற்கு உச்சவரம்பு பத்து லட்சத்துக்கு 1000 பங்கு. மலிவான பேஸ்டிலும் அது கிடைக்கும்.

கேள்வி: ட்யூப் அடியில் பச்சைக் கட்டம் என்றால் மூலிகை, கறுப்பு என்றால் ரசாயனமாமே? (மார்த்தாண்டம்)

பதில்: வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். ட்யூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது.

கேள்வி: வாவுபலி பொருட்காட்சியில் ஐஸ்கிரீம் கடித்ததும் உயிர் போய்விட்டது. கூச்சத்துக்கான பேஸ்ட் போதுமா? (குழித்துறை)

பதில்: பல பற்கள் கூசினால் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும். நரம்பை அமைதிப்படுத்தச் சில வாரமாகும். இரண்டு நாளில் பேஸ்டைத் திட்டக் கூடாது. ஒரே பல் மட்டும் என்றால் சொத்தையோ விரிசலோ இருக்கலாம். மருந்துக்கடையைத் தாண்டிப் பல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நாலு வயசுப் பையன் பேஸ்டை முழுங்குகிறான். ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கும் என்கிறார்களே? (களியக்காவிளை)

பதில்: முழுங்கினால்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் வருஷக்கணக்கில் அதைக் குடித்ததால் வந்த கறை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். உங்கள் பையனுக்குப் பட்டாணி அளவு போதும், மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பாம்புபோல் நெளிவது விற்பவரின் அளவு. பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பல்பொடி போட்டுத் தேய்த்தால்தான் தலை தெளிகிறது. என்ன மூலிகையாக இருக்கும்? (குலசேகரம்)

பதில்: புகையிலையாக இருக்கலாம்! பற்பசையிலும் பல்பொடியிலும் அதைச் சேர்க்க மத்திய அரசு 1992-லேயே தடை போட்டுவிட்டது. தலை தெளிய முக்குச் சாயாக்கடை போதும். சீனி மட்டும் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.